பூட்டுக்காரனின் சுண்டுவிரல்

ஹட்டனில் ஞாயிறு ஷோ முடிந்து வெளியே வந்தபோது
மழை விட்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை.
முதல் பாகம் பார்த்த அன்று
பஸ் நிலையம்வரை கத்திக்கொண்டே போனோம்.
இரண்டாம் பாகத்துக்கு மரியநாதன்
கடன் வாங்கி இரண்டு தரம் போனான்.
இது மூன்றாம் பாகமும் இல்லை,
பக்கத்தில் கிளைத்தது.
கவாத்து வெட்டாமல் விட்ட செடியில் வருமே, அந்த மாதிரி:
இலை நிறைய, கொழுந்து இல்லை.

நான் போன் கடைக்காரன்.
மறந்துபோன பேட்டர்ன்களைத் திறந்து கொடுப்பது தொழில்.
அந்த ஐந்து திருடர்களில்
எனக்குப் பிடித்தவன் அதனால் பூட்டுக்காரன்தான்.
முதல் படத்தில் மொத்தம் பதினொரு நிமிடம் வருவான்.
நாலு வசனம்.
வாழைப்பழம் தின்றபடி
பெட்டகத்தில் காதை வைத்துக் கேட்பான்.
இடது கையில் சுண்டுவிரல் இருக்காது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நாங்கள் சொன்னோம்,
மூன்று வருஷம், கடை வாசலில், கரண்ட் போன மாலைகளில்.
ஃபெக்டரி ரோலரில் போயிருக்கும் என்றான் மரியநாதன்
(எங்கள் தோட்டத்தில் அப்படி மூன்று பேர்).
சீட்டுக்காசு கட்டாததற்கு
அக்காக்காரி கடித்துவிட்டாள் என்றாள் புஸ்பலீலா.
பிறக்கும்போதே ஒன்பதுதான்,
பத்து விரலுக்குப் பூட்டு பழகியிருக்கும் என்றேன் நான்.
ஏழு கதைகள் வைத்திருந்தோம்.

இந்தப் படம் இருபதாம் நிமிடத்தில்
வயலின் வாசித்து விளக்கிவிட்டது.
காதலி. ரயில் கதவு.
அவ்வளவுதான்.
ஏழையும் ஒரே அள்ளில் கொண்டுபோனார்கள்,
முகமூடிகூட இல்லாமல், எங்கள் டிக்கெட் காசிலேயே.

சரி, களவாவது நன்றாக இருந்ததா?
முதல் படத்தில் அந்தச் சுவர் எத்தனை அங்குலம் என்று
எங்களுக்குத் தெரியும்.
காவல்காரனுக்கு இருமல் வருகிற நேரம் தெரியும்.
துளைபோடும் மெஷின் சூடேறி நின்றபோது
முன்வரிசையில் யாரோ
"தண்ணி ஊத்துங்கடா" என்று எழும்பினார்.
இதில் சுவர் கம்ப்யூட்டரில் நீலமாகச் சுழல்கிறது.
ஒரு பொத்தான். திறந்துவிட்டது.
நானூறு கோடியாம்.
"அத எத்தன சாக்குல கட்டுவாங்க?" என்றாள் புஸ்பலீலா.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற
தராசுக்கு முன்னால் தினமும் நிற்பவள்,
கனமில்லாத களவை அவள் நம்பவில்லை.
முன்பெல்லாம் பையைத் தூக்கினால்
தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கும்,
அதைக்கூட மறந்துட்டானுக என்றாள்.

சண்டை நல்லாயிருந்தது என்றான் மரியநாதன்.
யாரும் மறுக்கவில்லை.
அதுதான் அவனுக்குக் கஷ்டமாகிவிட்டது.

நோர்வூட் தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்,
எது குறைந்தது என்று.
பயம் என்று நினைத்தேன். இல்லை, வேலை.
அவர்கள் வேலை செய்தார்கள்:
வேர்த்தது, பிசகியது, ஒருவனை ஒருவன் திட்டினான்.
இவன் கெட்டிக்காரனாகவே பிறந்துவிட்டான்.
பிறகு என்ன செய்வான், பாவம்,
இரண்டரை மணிநேரம் கறுப்புக் கண்ணாடியைக்
கழற்றிக் கழற்றி மாட்டுகிறான்.

கண்டக்டர் வந்தார். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன்.
டிக்கெட்டின் பின்னால் எதையோ கிறுக்கி
"மிச்சம் எறங்கும்போது தாரேன்" என்று
பேனையைக் காதில் சொருகிக்கொண்டார்.
எங்கள் சந்தியில் ஒரே பனி.
கேஸ் சிலிண்டரோடு ஒருவர் முன்னால் இறங்க,
தூங்கும் பிள்ளையோடு ஒருத்தி பின்னால் நெருக்க,
"பார்த்து, பார்த்து" என்று
கையைப் பிடித்து இறக்கியும் விட்டார்.
சிவப்பு விளக்கு தேயிலைக்குள் மறைந்த பிறகுதான்
சட்டைப்பையைத் தொட்டேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம்.
எந்தக் கையால் தாளை வாங்கினார்,
மணி எப்போது அடித்தது,
சிலிண்டர்காரர் கூட்டாளியா,
அந்தப் பிள்ளை உண்மையில் தூங்கியதா.
லயத்து நாய்கள் எழுந்து குரைக்கும்வரை.

காலையிலும் அதே பஸ்தான். கேட்டால் தந்துவிடுவார்.
கேட்பதா என்று தெரியவில்லை.

"அந்தாளுக்கு ஒரு வெரலு வளைஞ்சிருந்திச்சே,
பாத்தீங்களா?" என்றாள் புஸ்பலீலா.